வகுப்பா, வீடா?

கேள்வி: என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய். உடற்பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா, வீட்டிலேயே செய்யட்டுமா?
– வாசகி ஒருவர், டோல்கேட், சென்னை

பதில்: விடாமல் எது நடக்குமோ, அது.

உங்கள் பக்கத்தில் முதல் எதிரி புழுக்கம்தான். உடம்பு சூடேறினால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்கும், கால் தளரும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-இலேயே இதைக் குறித்துவைத்தார். உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும். நோய் முற்றியதாகப் பயப்பட வேண்டாம். ஆனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து வகுப்புக்குப் போவதற்குள்ளேயே தெம்பு தீர்ந்துவிட்டால் என்ன பயன்? டோல்கேட் மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருப்பது 2021 முதல் ஒரு ஆறுதல்.

வகுப்பில் துணை கிடைக்கும், தப்பைத் திருத்த ஆள் இருக்கும். அதனால் முதலில் ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடத்தில் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளட்டும். பிறகு வீட்டில், விடியற்காலையில், ஃபேனுக்குக் கீழே, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழட்டும். நோய் மிதமாக இருப்பவர்களுக்கு 2013-இல் வந்த கனடா வழிகாட்டுதல், வாரம் 2 முறை 30 நிமிட மிதமான பயிற்சியும், 2 முறை தசைவலுப் பயிற்சியும் போதும் என்கிறது. துணைக்கு எம்.எஸ். சொசைட்டி ஆஃப் இந்தியாவின் சென்னைக் கிளையைக் கேளுங்கள்.

புதிதாக மரமரப்போ பார்வை மங்கலோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.