மருத்துவப் படங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"போட்டோ இருக்கும்போது ஓவியம் எதற்கு?"

அறுவை அரங்கில் எடுத்த போட்டோவில் எல்லாமே ஈரம், எல்லாமே சிவப்பு. ரத்தம், கொழுப்பு, பஞ்சுத்துணி, கையுறை விரல்கள், விளக்கின் பளபளப்பு. பித்தப்பைக்குப் போகும் மெல்லிய தமனி அதற்குள் எங்கோ இருக்கிறது. அறுத்துப் பழகிய கண் அதைப் பிடித்துவிடும். மாணவரின் கண்ணுக்கு அகப்படாது. ஓவியர் கொழுப்பை அகற்றுகிறார், கல்லீரலைச் சற்றே மேலே தூக்குகிறார், பித்தநாளத்தைப் பச்சையாகவும் தமனியைச் சிவப்பாகவும் பிரித்துக் காட்டுகிறார். கேமரா காட்டுவது ஓர் உடலை. ஓவியர் காட்டுவது பல உடல்களில் பொதுவாக இருக்கும் அமைப்பை. எதை விடுவது என்று தெரிந்து விடுவதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

"டாக்டர் சொல்வதை அப்படியே வரைந்து கொடுப்பவர்தானே?"

இந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஜெர்மனியின் லைப்சிக்கில் ஓவியம் பயின்ற மாக்ஸ் புரோடல் 1894-இல் அமெரிக்காவின் பால்டிமோருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களுக்குப் படம் வரைய வந்தார். மருத்துவப் பட்டம் பெறாதவர். சிறுநீரகத்தை வரைய வேண்டியிருந்தபோது மேலோட்டமாகப் பார்த்து வரைவதோடு அவர் நிற்கவில்லை. ரத்தக்குழாய்களுக்குள் உறையும் பொருளைச் செலுத்தி வார்ப்பெடுத்து, கிளைகள் எப்படிப் பிரிகின்றன என்று ஆராய்ந்தார். முன்பக்கக் கிளைகளுக்கும் பின்பக்கக் கிளைகளுக்கும் நடுவே, வெளிவளைவுக்குச் சற்றுப் பின்னால், ரத்தக்குழாய்கள் குறைந்த ஒரு தளம் இருப்பதைக் கண்டு 1901-இல் வெளியிட்டார். அங்கே கீறினால் ரத்தப்போக்கு குறைவு. முதுகுவழியே துளையிட்டுச் சிறுநீரகக் கல் எடுக்கும் மருத்துவர்கள் இன்றும் அந்தத் தளத்தின் வழியாகத்தான் உள்ளே போகப் பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் புரோடல் கோடு. ஒரு பென்சில்காரர் கண்டது அது.

1911-இல் அதே ஹாப்கின்ஸில், மருத்துவ ஓவியத்துக்கென்றே உலகின் முதல் பல்கலைக்கழகத் துறையை அவர் தொடங்கினார். இன்று வட அமெரிக்காவில் இதை முதுகலையாகப் படிப்பவர்கள் சடலத்தை அறுத்தே உடற்கூற்றியல் கற்கிறார்கள்.

"வண்ணம் தீட்டுவதுதான் பெரிய வேலை" என்று நினைக்கும் வாடிக்கையாளர்களும் உண்டு. ஓவியர் முதலில் கேட்கும் கேள்வியிலேயே அந்த எண்ணம் கலையும்: பார்க்கப் போவது யார்? பித்தப்பை அறுவையையே எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கான துண்டறிக்கை என்றால் பை எங்கே இருக்கிறது, வயிற்றில் எத்தனை சிறு துளைகள் போடுவார்கள், எதை எடுப்பார்கள் என்பது போதும். பயிற்சி மருத்துவருக்கு என்றால் பித்தநாளமும் தமனியும் எந்தக் கோணத்தில் அருகருகே வருகின்றன, எதை வெட்டக் கூடாது என்பதே படம். உறுப்பு ஒன்றுதான், வரைய வேண்டிய படங்கள் இரண்டு.

பிறகு சி.டி. ஸ்கேன், அறுவை வீடியோ, நூல்கள் எல்லாவற்றையும் பார்த்து ஒரு பென்சில் வரைவு போகும். வாடிக்கையாளர் நேரம் ஒதுக்கி, கூர்ந்து பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டிய கட்டம் இதுதான். "பென்சில்தானே" என்று தலையாட்டிவிட்டு, வண்ணம் முடிந்து வந்ததும் "இதை இடப்பக்கத்திலிருந்து காட்டலாமே" என்றால், மறுபடி முதல் கோட்டிலிருந்து வரைய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது நியாயம்தான்.

"கொரோனா கிருமி சிவப்பு நிறம்"

2020 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஓவியர்கள் அலிசா எக்கர்ட்டும் டான் ஹிக்கின்ஸும் செய்த படம் உலகம் முழுக்கப் போனது: சாம்பல் பந்து, அதன் மேல் சிவப்பு முள்கள். அந்தக் கிருமியின் அகலம் சுமார் 100 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஏறத்தாழ 400 முதல் 700 வரை. அத்தனை சிறிய பொருளுக்கு நாம் சொல்லும் பொருளில் நிறமே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி தருவதும் கறுப்பு வெள்ளைப் படம்தான். அப்படியானால் பொய்யா? இல்லை. புரதங்களின் வடிவத்தை ஓவியர்கள் விஞ்ஞானிகளின் தரவுக் களஞ்சியத்திலிருந்து எடுத்தார்கள். நிறம் அவர்கள் தேர்ந்தது. நம் செல்லைப் பற்றிக்கொள்ளும் முள்மீது கண் முதலில் விழட்டும் என்றே சிவப்பு. வடிவத்தில் உண்மையாக இருந்து, நிறத்தில் விளக்கம் சொல்லும் படம் அது.

கணினியிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இதெல்லாம் வந்துவிடும் என்பது புது நம்பிக்கை. 2024 பிப்ரவரியில் ஓர் ஆய்விதழில் செயற்கை நுண்ணறிவு வரைந்த எலிப்படம் ஒன்று அச்சேறியது. அதன் பிறப்புறுப்பு உடலை மீறிப் பெருத்திருந்தது; பக்கத்திலிருந்த பெயர்கள் பொருளற்ற எழுத்துக் கூட்டங்கள். சில நாட்களில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பளபளப்பாக வரையத் தெரிந்த கருவிக்கு எலியின் உடற்கூறு தெரியவில்லை.

"காசு கொடுத்தாயிற்று, படம் நமது"

அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பல ஓவியர்கள் விற்பது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே: இந்த நூலுக்கு, இத்தனை ஆண்டுக்கு. பதிப்புரிமை அவர்களிடமே இருக்கும். துண்டறிக்கைக்கு வாங்கியதை விளம்பரப் பலகையில் போடுமுன் கேட்க வேண்டும். இப்படி எழுதிக்கொள்ளாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஹென்றி வாண்டைக் கார்ட்டர் சாட்சி. 1858-இல் வந்த 'கிரேஸ் அனாடமி' என்ற உடற்கூற்றியல் நூலின் படங்கள் அவர் வரைந்தவை. அவரும் மருத்துவர், பின்னாளில் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தவர். கிடைத்தது ஒரே தடவை 150 பவுண்டு, ராயல்டி இல்லை. புத்தகத்தின் பெயரிலும் அதை எழுதிய கிரே மட்டுமே நிலைத்தார்.

கடைசியாக ஒன்று, நம்மைத் தொடுவது. "மனித உடல் எல்லோருக்கும் ஒன்றுதான், யாரை வரைந்தால் என்ன?" எலும்புக்கு இது பெரும்பாலும் பொருந்தும். தோலுக்குப் பொருந்தாது. வெளுத்த தோலில் சிவப்பாகத் தெரியும் தடிப்பு கறுத்த தோலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியலாம், சில நேரம் தெரியாமலே போகலாம். வெள்ளைத் தோலை மட்டுமே பார்த்துப் படித்தவர் அதைத் தவறவிடக்கூடும். இந்தக் குறையைக் கண்ட லண்டன் மாணவர் மலோன் முக்வெண்டே 2020-இல் தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து கறுத்த தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் கையேட்டை வெளியிட்டார். தமிழில் நலக் கையேடு போடுபவர்கள் ஓவியருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே நோயாளியின் தோல் நிறத்தையும் குறிப்பிட்டுவிடலாம். பென்சில் வரைவு வருமுன்னே சொல்லிவிட்டால் அதற்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை.