கறுத்த பின்ச் குஞ்சு: புதிதாக வளர்ப்போருக்கு எட்டு அறிவுரைகள்

குஞ்சு ஒன்று கறுப்படித்து நின்றால் "புது நிறம் வந்துவிட்டது" என்று போட்டோ எடுத்து அனுப்பக் கை பரபரக்கும். விலை பேசவும் ஆள் வந்துவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். கறுப்புக்கு வயது, அழுக்கு, தீனி, வெயிலின்மை, நோய், பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. பரம்பரையைக் கடைசியில்தான் நினைக்க வேண்டும்.

1. வயதைப் பாருங்கள். ஜீப்ரா பின்ச் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வரும்போது அலகு கறுப்பாகத்தான் இருக்கும். அதன்பிறகு மெல்ல ஆரஞ்சு ஏறி, மூன்று மாதத்துக்குள் பெரிய பறவையின் நிறம் வந்துவிடும். கோல்டியன் பின்ச் குஞ்சோ சாம்பலும் மங்கிய பச்சையுமாக மாதக்கணக்கில் இருக்கும். இவை இரண்டும் இயல்பு.

2. அழுக்கைக் கழியுங்கள். அடுப்புப் புகையும் சாலைப் புழுதியும் இறகில் படியும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். பின்ச் தானே குளிக்கும். பிறகு ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் விஷயம் அதோடு முடிந்தது. சோப்பு கூடாது.

3. இறகு முளைத்த காலத்தை யோசியுங்கள். கறுப்பைத் தருவது மெலனின். இறகு முளைக்கும்போதே அது உள்ளே படிந்துவிடும். வளர்ந்து முடிந்த இறகுக்கு ரத்த ஓட்டம் இல்லை. ஆகவே இன்று தீனியை மாற்றினால் நாளைக்கு நிறம் மாறாது. குஞ்சின் முதல் இறகு, அது கூட்டுக்குள் வளர்ந்த நாட்களின் கணக்கு.

4. எண்ணெய் வித்துகளைக் குறையுங்கள். இங்கிலாந்தில் இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் ஒயிட் 1789-இல் வெளியிட்ட நூலில், கூண்டில் அடைத்து வைத்த ஆண் புல்பின்ச் ஒன்று ஆண்டுக்காண்டு கறுத்து, நான்காம் ஆண்டு முடிவில் கரியாகிவிட்டதைப் பதிவு செய்தார். அதன் முக்கியத் தீனி எண்ணெய் மிகுந்த கஞ்சாச் செடியின் விதை. நம் கூண்டுகளில் தினை, சாமை, பனிவரகு அடிப்படையாக இருக்கட்டும். குஞ்சு வளரும் நாட்களில் அவித்த முட்டையும் முளைவிட்ட தினையும் கீரையும் சேருங்கள்.

5. வெயில் காட்டுங்கள். வெயிலும் வைட்டமின் டி-யும் போதாத கூண்டுப் பறவை கறுக்கும் என்பது வளர்ப்போரின் நீண்டகால அனுபவம். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் உதவாது. வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் வையுங்கள், கூண்டின் பாதிக்கு நிழல் இருக்கட்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். வைட்டமின் சொட்டுமருந்தை அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள்; மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

6. நோயைத் தேடுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழிகிறதா, மார்பெலும்பு கூராகக் கைக்குத் தட்டுப்படுகிறதா, அலகு அளவுமீறி வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லீரல் கெட்டாலும் இறகு கறுக்கலாம். பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

7. ஒரு இறகு உதிர்ப்புவரை காத்திருங்கள். காலில் வளையம் போட்டு, பெற்றோர் யார் என்று எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். தீனியும் வெயிலும் சரியான பின் முளைக்கும் இறகு வழக்கமான நிறத்தில் வந்தால் கறுப்பு பரம்பரையல்ல. மறுபடியும் அதே இடத்தில், இரு பக்கமும் ஒரே அளவில் கறுப்பு வந்தால் பரம்பரையாக இருக்கலாம். ஜீப்ரா பின்ச்சில் 'பிளாக் பிரெஸ்ட்' ரகத்தின் ஆணுக்கு நெஞ்சுப் பட்டை அகன்றிருக்கும். 'பிளாக் சீக்' ரகத்தில் கன்னமே கறுத்திருக்கும், பெட்டைக்கும்கூட.

8. ஜோடி சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். மேற்சொன்ன இரண்டு ரகங்களும் ஒடுங்கு பண்புகள். பெற்றோர் இருவரும் வெளியே சாதாரணமாக இருந்து, உள்ளே அந்தப் பண்பைச் சுமக்கும் 'ஸ்பிளிட்' ஆக இருந்தால், ஒவ்வொரு குஞ்சும் கறுக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நிறத்துக்காக உடன்பிறந்தவற்றையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் வம்சம் நலியும். கறுத்த பறவைக்கு வேறு வம்சத்துச் சாதாரண நிற ஜோடியைத் தேடுங்கள். முதல் ஈட்டில் ஒன்றுகூடக் கறுக்காது, எல்லாம் ஸ்பிளிட். அவற்றில் ஒன்றை மறுபடி கறுத்ததோடு சேர்த்தால் சுமார் பாதி கறுக்கும்.

கடைசியாக ஒன்று. கடையில் கறுத்த சில்லையைக் காட்டி 'அபூர்வம்' என்பார்கள். சில்லை நம் நாட்டுக் காட்டுப் பறவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அதற்கும் பொருந்தும். வாங்காதீர்கள், வளர்க்காதீர்கள்.