காவலுக்கு ஏற்ற இராஜபாளையம் நாய்

மாடும் வைக்கோற்போரும் உள்ள வீட்டிற்கு நல்ல காவல் நாய் ஒரு செல்வமாகும். மாங்காட்டைச் சூழ்ந்த ஊர்களில் இராஜபாளையம் நாய் வளர்க்க விரும்புவோர் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். விருதுநகர் மாவட்டத்து ஊரொன்றின் பெயர் தாங்கிய இவ்வினத்திற்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. நம் நாட்டு நாயினங்களைப் பேணும் பொருட்டுச் சென்னை சைதாப்பேட்டையில் 1980-81இல் அரசு நாய் இனப்பெருக்க நிலையம் நிறுவப்பெற்றது.

இவ்வினத்தில் காணப்படும் பெருங்குறை செவிடு. வெண்ணிறத்தோடு தொடர்புடைய இக்குறை, நெருங்கிய உறவுள்ள நாய்களை இணைப்பதால் பெருகும். செவிட்டு நாய் இரவுக் காவலுக்கு உதவாது. ஆதலின் குட்டியைத் தனியே விட்டு, அது காணாதவாறு பின்னின்று கை தட்டிப் பாருங்கள். செவிட்டு நாயை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது.

பெட்டையை முதற் பருவத்தில் இணைத்தல் கூடாது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். எட்டு வாரம் வரை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். இளமையிலேயே பிள்ளைகளோடும் மாடுகளோடும் பழக்குங்கள். எந்நேரமும் கட்டிக் கிடக்கும் நாய் மூர்க்கமடையும். நாள்தோறும் ஓடவிடுதல் அவசியம்.

மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பச்சிலையை நம்பிக் காலம் போக்குதல் உயிருக்கே கேடு. நோய்க்குறி கண்டபின் பிழைப்பது மிக மிக அரிது. கால்நடை மருத்துவரை அழைத்து ஆண்டுக்கொருமுறை தடுப்பூசி முகாம் நடத்துவது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.