கொன்றை விதைக்கு ஒரு கீறல்

சரக்கொன்றை விதையை அப்படியே மண்ணில் ஊன்றித் தினமும் தண்ணீர் ஊற்றினால் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. விதை சொத்தையில்லை, தண்ணீர்தான் உள்ளே போகவில்லை. கொன்றை, வாகை, கருவேலம் எல்லாம் பயறு வகைக் குடும்பம். இவற்றின் விதைத்தோலில் நெருக்கியடித்து நிற்கும் செல்வரிசை ஈரத்தை விடாது. காட்டில் அதைத் தளர்த்த ஆடுமாடுகளின் வயிறு உண்டு, தீ உண்டு, வெயிலும் மழையும் உண்டு. ஹைதராபாத்தில் சாலையோரக் கொன்றையின் காய் சிமெண்டில் விழுந்து குப்பை வண்டியில் போகிறது. ஆடு செய்த வேலையை இனி நம் கைதான் செய்ய வேண்டும்.

மாடியில் நாற்று வளர்க்கும் எனக்கு இதில் கைகொடுப்பது நகவெட்டி. மாசி, பங்குனியில் கருத்து முற்றிய காயை உடைத்து, பிசுபிசுப்பான சதையைக் கழுவி விதை எடுப்பேன். காம்பு ஒட்டியிருந்த தழும்பின் பக்கம்தான் முளை இருக்கும். அங்கே கை வைக்கக் கூடாது. எதிர்முனையில் தோலை மட்டும் துளி கிள்ள வேண்டும். உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. இரவு தண்ணீரில் போட்டால் காலையில் உப்பியிருக்கும்.

விதை நிறைய இருந்தால் வெந்நீர். நீர் கொதித்ததும் இறக்கி, கொதி அடங்கியபின் விதையைப் போட்டு மறுநாள் வரை அப்படியே ஆறவிடுங்கள். அடுப்பிலேயே வைத்தால் முளை வெந்துவிடும். உப்பியதை உடனே விதையுங்கள், உப்பாததற்கு மறுபடி வெந்நீர். மிதப்பவை பெரும்பாலும் வண்டு துளைத்தவை. நாற்றுப்பண்ணைகளில் கந்தக அமிலத்தில் ஊறவைப்பார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

வேம்புக்கும் நாவலுக்கும் இந்த வைத்தியம் ஆகாது. அந்த விதைகளின் உயிர் சில வாரங்கள்தான். பழம் உதிர்ந்ததும் சதை கழுவி விதைத்துவிட வேண்டும்.

தெலங்கானாவின் மாநில மரம் வன்னி. ஜம்மி என்பார்கள். தசராவன்று அதன் இலையைப் பொன்னென்று ஒருவருக்கொருவர் கொடுத்துப் பெரியவர்களை வணங்குவார்கள். ஒடிக்கும் கைகளில் பாதியாவது ஒரு கன்று நட்டால் நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு தசராவிலும் நினைத்துக்கொள்கிறேன். அது கொன்றையளவு முரண்டு பிடிக்காது. புது விதை ஒரு நாள் ஊறினாலே பெரும்பாலும் உப்பிவிடுகிறது. கவனம் வேண்டியது வேரில். ஆணிவேர் விறுவிறுவென்று கீழே இறங்கும் என்பதால் நீளமான பையில் விதையுங்கள், வேர் அடியில் சுருள்வதற்குள் மழைக்காலத்திலேயே நிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.