நீல நம்பர் பிளேட் மோதினால் கேஸ் நிற்காதா?

சென்னையிலிருந்து வரும் வண்டி திண்டிவனத்தில் இடதுபக்கம் பிரிந்தால் புதுச்சேரி, நேரே போனால் விழுப்புரம். புதுச்சேரியில் பிரான்ஸ் துணைத் தூதரகம் இருக்கிறது. சென்னையில் அமெரிக்கா, ஜப்பான் என்று பல நாடுகளுக்கு. அதனால் இந்தப் பாதையில் நீல நம்பர் பிளேட் கார் கண்ணில் படுவது அதிசயமில்லை.

நம்பிக்கை: அந்த வண்டி மோதினால் கேஸே நிற்காது.

நிற்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: அடிபட்ட குடும்பம் இந்தப் பேச்சை நம்பி மனுவே போடாமல் இருந்துவிடக் கூடாது.

பிளேட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து. முதலில் நாட்டைக் குறிக்கும் எண், நடுவில் இரண்டு எழுத்து, பிறகு வண்டியின் எண். எல்லாம் அந்த இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. சி.டி. என்றால் டெல்லியில் இருக்கும் தூதரகங்களுடையது. சி.சி. என்றால் துணைத் தூதரகம். நம் பக்கம் ஓடுபவை பெரும்பாலும் சி.சி.தான்.

துணைத் தூதரக அதிகாரிக்கு 1963 வியன்னா உடன்படிக்கை தரும் விலக்கு, அலுவல் சம்பந்தமான செயல்களுக்கு மட்டும். அதிலும் 43-வது பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது: வாகன விபத்தில் பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டுத் தொடுக்கும் சிவில் வழக்குக்கு அந்த விலக்கு பொருந்தாது. வண்டிக்கு உள்ளூர்ச் சட்டப்படி இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்று 56-வது பிரிவு சொல்கிறது. நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த இடத்துக்கான மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலோ, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலோ போடலாம். 2019 சட்டத் திருத்தம் அதற்கு 6 மாதக் கெடு வைத்தது. காலம் தாழ்த்த வேண்டாம்.

ஸ்டியரிங் பிடித்திருப்பவர் நம்மூர் டிரைவராக இருந்தால்? நீலப் பிளேட் ஓட்டுகிறார் என்பதற்காக அதிகாரியின் விலக்கு அவருக்கு ஒட்டிக்கொள்ளாது.

நம்பிக்கை: சி.டி. வண்டிக்காரர் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம்.

இங்கே பாதி உண்மை இருக்கிறது. தூதரகங்களுக்கான 1961 வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது, இங்குள்ள குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தவும் முடியாது. ஆனால் அந்த விலக்கு அவருடைய நாட்டின் சொத்து. அந்த நாடு நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 1997 ஜனவரியில் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டுத் தூதரக அதிகாரி குடித்துவிட்டுக் கார் ஓட்டியதில் 16 வயதுச் சிறுமி இறந்தாள். ஜார்ஜியா விலக்கை எடுத்துக்கொண்டது. அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார்.

நம்பிக்கை: பார்க்கிங் அபராதமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது.

உள்ளூர்ச் சட்டத்தை மதிப்பது கடமை என்று இரண்டு உடன்படிக்கைகளும் எழுதியே வைத்திருக்கின்றன. வசூலிப்பதுதான் கஷ்டம். 1997 முதல் 2002 வரை நியூயார்க்கில் ஐ.நா. தூதர்களின் வண்டிகள் கட்டாமல் விட்ட சீட்டுகள் 1.5 லட்சத்துக்கு மேல். கட்டாத வண்டியின் தூதரகப் பிளேட்டைப் பிடுங்குவோம் என்று நகரம் 2002-இல் இறங்கியதும், மீறல் மளமளவெனச் சரிந்தது.

நம் ரோட்டில் ஒரு நீலப் பிளேட் இடித்துவிட்டால் முதல் வேலை, நம்பரை முழுசாகப் போன் கேமராவில் எடுப்பது. எஃப்.ஐ.ஆரில் 'நீலப் பிளேட் கார்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். நாட்டு எண், நடு எழுத்து இரண்டு, கடைசி எண் மூன்றும் அதில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.