12-ஆம் நிலைக்கு அப்பால்

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் 20 நிலைகள் உண்டே, அதன் விதிகளில் அமைந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டு ஏன் 12-இல் நிற்கிறது? தொடர்ச்சி வருமா?

பதில்: தொடர்ச்சியோ விரிவாக்கமோ தாங்கள் எடுக்கப்போவதில்லை என்று விளையாட்டை உருவாக்கிய லாரியன் நிறுவனம் 2024-இலேயே சொல்லிவிட்டது. 12-இல் நிறுத்தியது சரி என்பேன். 13-ஆம் நிலையில் மந்திரவாதி நினைத்த ஊருக்கு நொடியில் போய்விடலாம். 17-இல் ‘விஷ்’ மந்திரம்; கேட்டதெல்லாம் நடக்கும்! மேசையில் ஆட்டத்தை நடத்துபவர் அந்த நொடியே கதையை வளைத்துக்கொள்வார். கணினியிலோ ஒவ்வொரு விளைவையும் முன்கூட்டியே எழுதிவைத்தாக வேண்டும்.

ஆனாலும் 12-ஐத் தாண்ட வழி இருக்கிறது. பயோவேர் நிறுவனம் 2000-இல் கொண்டுவந்த இத்தொடரின் இரண்டாம் பாகம், முதல் பாகத்தில் நாம் வளர்த்த பாத்திரத்தையே தொடர்ந்து வளர்த்தது. 2001-இல் வந்த அதன் விரிவாக்கமான ‘த்ரோன் ஆஃப் பால்’ கடவுளாகும் வாசல்வரை அதைக் கொண்டுபோனது. அடுத்த பாகத்தை எடுப்பவர்களும் பழைய பாத்திரங்களையே கூட்டிவர வேண்டும் என்பது என் ஆசை.