முயலை டாக்டரிடம் கொண்டு போகும் முன்...

(9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)



போன வாரம் எங்கள் வகுப்பில் "யார் வீட்டில் முயல் இருக்கு?" என்று கேட்டேன். ஏழு பேர் கை தூக்கினார்கள். "யாராவது டாக்டர்கிட்ட காட்டியிருக்கீங்களா?" என்றேன். ஏழு கையும் கீழே இறங்கிவிட்டது. "செத்துப் போச்சுன்னா இன்னொண்ணு வாங்கிக்கலாம்ப்பா" என்று ஒருத்தி சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வருஷம் முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் வீட்டு முதல் முயலின் பெயர் பஞ்சு. ஒரு மே மாதம் அது சாப்பிடுவதை நிறுத்தியது. "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கட்டைப்பையில் போட்டு, எட்டிக் குதித்துவிடக் கூடாது என்று மேலே துணியை வைத்து மூடி, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். இறங்கிப் பார்த்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கையில் எடுக்கும்போதே உயிர் போய்விட்டது. அவர் எங்களைத் திட்டவில்லை. "முன்னாடியே வந்திருக்கணும்மா. வந்தாலும் இப்படிக் கொண்டு வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். எப்படிக் கொண்டு வர வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது கிளம்ப வேண்டும்?

முயல் மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. நோய் என்று வெளியே காட்டிக்கொண்டால் காட்டில் நரி முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் முடிந்தவரை மறைக்கும். நாய் மாதிரி முனகாது. நமக்குத் தெரிகிற அளவுக்குச் சோர்ந்துவிட்டது என்றால் நோய் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அதன் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பெருங்குடல் ஆரம்பிக்கும் இடத்தில் உள்ள ஒரு பெரிய பையில் வாழ்கின்றன. சாப்பாடு நின்றால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் இன்னும் சாப்பிடாது. ஆகவே அரை நாள் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. பஞ்சுவுக்கு நாங்கள் செய்த முதல் தப்பு இதுதான்.

பல்லை நறநறவென்று கடிப்பது, தாடை ஈரமாக இருப்பது, தலை ஒரு பக்கம் சாய்வது, காதுக்குள் பொருக்குத் தட்டுவது எல்லாமும் காட்ட வேண்டிய விஷயங்கள். முயலுக்கு முன்பல் சாகும் வரை வளரும், வாரத்துக்கு சுமார் 2 மில்லிமீட்டர். புல்லைக் கடித்து அரைத்துத் தேய்ந்தால்தான் சரியாக இருக்கும். கடைவாய்ப் பல்லும் அப்படித்தான் வளரும், ஆனால் அதை டாக்டர்தான் பார்க்க முடியும்.

பெட்டி

பை கூடாது, கோணிச்சாக்கு கூடாது, கையில் தூக்கிக்கொண்டு வண்டியில் பின்னால் உட்காரவே கூடாது. நாங்கள் இந்தத் தடவை பழக்கடையில் ஒரு ஆப்பிள் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கினோம். நாலு பக்கமும் கட்டைவிரல் நுழைகிற மாதிரி நிறைய ஓட்டை போட்டோம். முயல் அட்டையைக் கடித்துவிடும், அடி ஈரமானால் பிய்ந்தும் போகும். அதனால் அடியில் பழைய பேப்பர், அதன் மேல் சுருட்டாத பருத்தித் துண்டு. காய்கறிக்கடை பிளாஸ்டிக் கூடை இரண்டைக் கவிழ்த்துக் கட்டினால் இன்னும் நல்லது, காற்று போகும்.

துண்டு எதற்கு என்றால், அடி வழுக்கினால் அது பயந்து உதைக்கும். முயலின் எலும்புக்கூடு அதன் எடையில் நூற்றுக்கு 8 பங்குதான். பின்னங்கால் தசையோ ரொம்ப பலம். திமிறி உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவதை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும், "ஐ, தூங்குது!" என்று என் தம்பி சொல்வான். அது தூக்கம் இல்லை, பயத்தில் உறைந்து போவது.

ஊருக்குப் போகும் அன்றைக்குத்தான் பெட்டியைக் காட்டினால் உள்ளே போகாது. இரண்டு நாள் முன்பே கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து உள்ளே அருகம்புல் போடுங்கள். தானாகப் போய் உட்காரும். அவசரம் என்றால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, அதனால் பெட்டி எப்போதும் வீட்டில் தயாராக இருக்கட்டும்.

வெயில்

நம் ஊருக்கு இதுதான் முக்கியம். வீட்டு முயலின் பூர்வீகம் ஐரோப்பா. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற முயல் இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். அது ஸ்வெட்டர் போடுகிற ஊர். நம் மதுரையோ மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும். முயலுக்கு நம்மை மாதிரி வியர்க்காது. காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திண்டாடும். மூடிய பையில் மத்தியான பஸ் என்றால் யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அதிகாலை. ஒத்தக்கடையிலிருந்து தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போக நாங்கள் ஷேர் ஆட்டோ ஏறாமல் தனி ஆட்டோ பிடித்தோம். "முயலுக்கு தனி ஆட்டோவா!" என்று அப்பத்தா சிரித்தது. ஷேர் ஆட்டோ மாட்டுத்தாவணியில் ஆள் ஏற்ற நின்றால் நேரம் போய்விடும். டாக்டர் இருக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றைக்கு மட்டும் தல்லாகுளம் பக்கம் போக நினைக்காதீர்கள், வண்டி நகராது!

அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். வேண்டுமானால் சாய்ந்துகொள்ளும், வேண்டாமென்றால் தள்ளிப் போகும். காது கொதித்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பச்சைத் தண்ணீரில் முக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: சாப்பிடாமல் சோர்ந்த முயலுக்குக் காது சில்லென்று இருந்தால் உடம்புச் சூடு இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது ஐஸ் கூடாது, துணி போர்த்திக் கொண்டு போக வேண்டும். தொட்டுப் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள்.

பட்டினி போடாதீர்கள், மருந்தும் கொடுக்காதீர்கள்

ஆஸ்பத்திரி என்றால் வெறும் வயிறு என்று நினைப்போம். நாய்க்கு ஆபரேஷன் என்றால் அது சரி. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்தப் பயமே இல்லை. பட்டினிதான் ஆபத்து. பெட்டியிலேயே அருகம்புல்லும் வேலிமசாலும் போட்டுக் கொண்டு போங்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அது வாய்வழியே போனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்று, பேதியாகி முயலே செத்துவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம். அப்பத்தா ஓம வாட்டர் பாட்டிலோடு வந்து நின்றது. அம்மாதான் "டாக்டர் பார்க்கட்டும் அத்தை" என்று தடுத்தார்கள்.

நோட்டுப் புத்தகம்

இரண்டாவது முயல் மிளகு (சாம்பல் நிறம்) ஒரு சாயங்காலம் புல்லை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டபோது நான் உடனே ஒரு பழைய நோட்டை எடுத்தேன். வயது, ஆணா பெண்ணா, கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது, புழுக்கை எத்தனை, எந்த அளவு, தண்ணீர் குறைந்ததா என்று எழுதினேன். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு சின்ன பாலிதீன் பையில் எடுத்துக்கொண்டேன். வழக்கமாகப் பட்டாணி அளவு இருப்பது மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது (பெயர்ப் பொருத்தம்!).

"என்ன சாப்பிட்டது" என்ற இடத்தில் வீட்டில் எல்லாரையும் கேட்டேன். தம்பி கதவுக்குப் பின்னால் போய் நின்றான். ரொம்ப நேரம் கழித்து, "தினம் நாலு பிஸ்கட் குடுத்தேன்க்கா" என்றான். ஒரு வாரமாக! மாவும் சர்க்கரையும் முயல் குடலுக்கு ஆகாது. எழுதாமல் போயிருந்தால் டாக்டரிடம் "புல்தான் குடுக்கிறோம்" என்று சத்தியம் செய்திருப்போம்.

எடை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மளிகைக்கடை தராசில் துண்டோடு பெட்டியை முதலில் நிறுத்தோம்: 600 கிராம். அப்புறம் முயலோடு: 2 கிலோ 350. கழித்தால் 1 கிலோ 750. புல்லும் ஐஸ் பாட்டிலும் நிறுத்த பிறகுதான் வைக்க வேண்டும். கணக்கு சார் படித்தால் சந்தோஷப்படுவார்.

அங்கே போன பிறகு

கால்நடை மருத்துவமனையில் நாயும் வரும். முயலுக்கு நாய் வாசனையே போதும். அம்மா சீட்டு போடப் போனார்கள், நான் பெட்டி மேல் மெல்லிய துணி போட்டு வெளியே மர நிழலில் உட்கார்ந்தேன். பெட்டியைத் தரையில் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

மேஜை வழுக்கும் என்பதால் நம் துண்டையே விரித்தோம். டாக்டர் அம்மா நோட்டை வாங்கி முழுசாகப் படித்தார். பிஸ்கட் வரியில் நிறுத்தித் தம்பியைப் பார்த்தார். அவன் என் பின்னால் ஒளிந்தான். வயிற்றைத் தடவிப் பார்த்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, ஊசி போட்டு, தோலுக்கு அடியில் குளுக்கோஸும் ஏற்றினார். ஊசி இல்லாத சிரிஞ்சில் எப்படிக் கரைசல் கொடுப்பது என்று செய்து காட்டினார்: முன்பல்லுக்குப் பக்கவாட்டில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. நேராகப் பீய்ச்சினால் மூச்சுக்குழாயில் போய்விடும். கிளம்பும் முன், "எத்தனை மணி நேரத்தில் புழுக்கை வரணும்? வரலைன்னா என்ன செய்யணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அதைக் கேட்காமல் யாரும் வராதீர்கள்.

அன்றைக்கு நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். மத்தியானம் 1 மணி: எதுவும் இல்லை. 4 மணி: வேலிமசால் இரண்டு இலை கடித்தது. 7 மணி: எதுவும் இல்லை, அப்பத்தா சாமிக்கு விளக்கு போட்டது. இரவு 9.20: புழுக்கை 6, சின்னது. காலை 5 மணி: புழுக்கை 31. எண்ணியது தம்பி.